டெபியன் 13, விண்டோஸ் 11 இரண்டும் ஒரே டிஸ்கில்: /பூட் பார்ட்டிஷனுக்கு எத்தனை எம்பி?

ஒயிட்ஃபீல்டு_வடக்கு (கேள்வி)

வணக்கம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ரீஃபர்பிஷ்டு லேப்டாப். 512 ஜிபி என்விஎம்இ, 16 ஜிபி ரேம், தனி என்விடியா கார்டு. விண்டோஸ் 11 அப்படியே இருக்கணும், பக்கத்தில் டெபியன் 13 லினக்ஸ் போடணும். தினமும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தூக்கிட்டுப் போற லேப்டாப் என்பதால் லினக்ஸ் பகுதி என்கிரிப்ட் ஆகியிருக்கணும். அதனால் இன்ஸ்டாலரில் மேனுவல் பார்ட்டிஷன்தான் எடுக்கப் போறேன்.

இப்போ டிஸ்கில் இருக்கிறது:

பார்ட்டிஷன் 1: இஎஃப்ஐ, 100 எம்பி
பார்ட்டிஷன் 2: மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு, 16 எம்பி
பார்ட்டிஷன் 3: சி டிரைவ், சுமார் 300 ஜிபி (சுருக்கியாச்சு)
காலி இடம்: சுமார் 175 ஜிபி
கடைசியில் விண்டோஸ் ரிகவரி

கேட்க வேண்டியது மூணு. /பூட் தனியா வேணுமா? வேணும்னா எவ்வளவு? ஒரு இடத்தில் 200 எம்பி போதும்னு இருக்கு, இன்னொரு இடத்தில் 500, வேறொருத்தர் 2 ஜிபி என்கிறார். எதை நம்புறது? மூணாவது, இருக்கிற 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனே /பூட் ஆகாதா, ரெண்டும் ஒண்ணுதானே?

---

கர்னல்_காவேரி

மூணாவது கேள்வியை முதலில் தீர்த்துடலாம், குழப்பத்துக்கு வேர் அங்கேதான். ரெண்டும் ஒண்ணு இல்லை.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் (இனி இஎஸ்பி) மதர்போர்டு படிக்கிற இடம். ஃபேட்32இல்தான் இருக்கும். டெபியன் அதில் வைக்கிறது ஷிம் (செக்யூர் பூட்டுக்கான சின்னத் தொடக்க நிரல்), க்ரப் (ஓஎஸ் தேர்வு மெனு காட்டும் பூட் லோடர்), அதோட ஒண்ணு ரெண்டு துணைக் கோப்புகள், அவ்வளவுதான். மொத்தம் சில எம்பி. விண்டோஸ் தன் பங்குக்குச் சுமார் 30 எம்பி வைத்திருக்கும். அதனால் க்ரப் பயன்படுத்தினால் உங்க 100 எம்பியே போதும், புதுசா ஒண்ணு உருவாக்கத் தேவையில்லை.

/பூட் என்பது க்ரப் படிக்கிற இடம். கர்னலும் (லினக்ஸின் மையக் கரு) இனிட்ஆர்டியும் (ரூட்டைத் திறக்கும்வரை கர்னலுக்கு வேண்டிய டிரைவர்கள் அடங்கிய கோப்பு) அங்கே இருக்கும். இனிட்ஆர்டிதான் குண்டன். /பூட் எவ்வளவு என்று கேட்பதும் இனிட்ஆர்டி எவ்வளவு, அது எத்தனை பிரதி என்று கேட்பதும் ஒண்ணுதான்.

தனியா வேணுமா? பொதுவா வேண்டாம். என்கிரிப்ஷன் இல்லாத உபுண்டு, மின்ட், டெபியன் நிறுவல்களில் /பூட் ரூட் (/) பார்ட்டிஷனுக்குள்ளேயே ஒரு சாதாரண ஃபோல்டர். அளவுக் கவலையே கிடையாது, ரூட் நிறைஞ்சால்தான் அதுவும் நிறையும். உங்களுக்கு வேணும், காரணம் என்கிரிப்ஷன். டெபியன் இன்ஸ்டாலர் உருவாக்குறது லக்ஸ்2 (லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் அமைப்பு), சாவியை அது ஆர்கான்2 முறையில் காக்கும். க்ரப் 2.12 அந்த முறையைத் திறக்காது. என்கிரிப்ஷன் பூட்டுக்கு உள்ளே கர்னல் இருந்தால் அந்தப் பூட்டைத் திறக்க ஆள் இல்லை. அதனால் /பூட் அந்தப் பூட்டுக்கு வெளியே, தனி எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷனாக இருக்கணும். அப்படி வைக்கலைன்னா இன்ஸ்டாலரே நிறுத்தி எச்சரிக்கும்.

இப்ப கணக்கு. டெபியன் 13இல் கர்னல் 6.12. ஒரு கர்னல் பதிப்புக்கு /பூட்டில் விழுவது:

விஎம்லினக்ஸ் (கர்னல் கோப்பு): சுமார் 12 எம்பி
இனிட்ஆர்டி: தனி கிராபிக்ஸ் ஃபர்ம்வேர் இல்லைன்னா 60 எம்பி என்று வைங்க
கான்ஃபிக்: கால் எம்பி
சிஸ்டம்.மேப்: டெபியனில் இது வெறும் 83 பைட், உண்மையான மேப் டீபக் பேக்கேஜில் இருக்கு (உபுண்டுவில் இதுவே 9 எம்பி வரை போகும்)

ஆக ஒரு செட் 72 எம்பி. ஓடுற கர்னல், புதுசு, அதுக்கு முந்தையது என மூணு செட் ஒரே நேரத்தில் இருப்பது சகஜம். 216 ஆச்சு. க்ரப் ஃபோல்டர் ஒரு 10 எம்பி. இதோட முடிஞ்சதுன்னு நினைச்சுதான் பலபேர் 250, 300 வைக்கிறாங்க.

முடியலை. இனிட்ஆர்டியை உருவாக்குற 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளை இருக்கிற இனிட்ஆர்டி மேல நேரா எழுதாது. பக்கத்திலேயே '.நியூ' என்று வாலோடு முழுக் கோப்பை எழுதி முடிச்சு, சரியா இருந்தால் மட்டும் பழையதன் பெயருக்கு மாத்தும். அது நல்ல பழக்கம், பாதியில் கரண்ட் போனாலும் பழையது உயிரோட இருக்கும். ஆனா அந்த நிமிஷத்துக்கு இன்னொரு முழு இனிட்ஆர்டிக்கு இடம் வேணும். 216 + 10 + 60 = 286.

இப்போ உங்க என்விடியா. நூவோ (என்விடியா கார்டுக்கான திறந்த மூல டிரைவர்) டிரைவருக்கான ஜிஎஸ்பி ஃபர்ம்வேர் கோப்புகள் ஒவ்வொண்ணும் பத்துக் கணக்கான எம்பி. 'ஃபர்ம்வேர்-என்விடியா-கிராபிக்ஸ்' பேக்கேஜ் நிறுவியிருந்தால் அவை இனிட்ஆர்டிக்குள் போய் உட்காரும். இனிட்ஆர்டி 140 எம்பி என்று வைச்சுக் கணக்குப் போடுங்க: செட் 152, மூணு செட் 456, தற்காலிகத்துக்கு 140, க்ரப் 10. மொத்தம் 606 எம்பி. 500 எம்பி வெச்சவர் இங்கேதான் மாட்டுவார்.

டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்காங்க: 12இலிருந்து மேம்படுத்தும் முன் /பூட் குறைஞ்சது 768 எம்பி இருக்கணும், அதில் 300 எம்பி காலியா இருக்கணும். கர்னலும் ஃபர்ம்வேரும் பெருத்துப்போச்சு என்பதே காரணம். பெடோராவும் பல வருஷம் 1 ஜிபி வைச்சிருந்து, 43ஆம் பதிப்பில் இயல்பு அளவை 2 ஜிபி ஆக்கிட்டாங்க.

நீங்க பார்த்த மூணு பதிலும் அந்தந்தக் காலத்துக்குச் சரிதான். இனிட்ஆர்டி 15, 20 எம்பி இருந்த காலத்தில் 200 தாராளம். எழுதின தேதியைப் பாருங்க, ஆளைத் திட்ட வேண்டாம்.

உங்களுக்கு 2 ஜிபி. 512 ஜிபி டிஸ்கில் அது அரை சதவீதம்கூட இல்லை.

---

சம்ப்_நிறைஞ்சாச்சு

காவேரி சொன்ன '.நியூ' விஷயம் புரியாதவங்களுக்கு நம்ம ஊர் உதாரணம். 30க்கு 40 சைட்டில் 4000 லிட்டர் சம்ப் (தரைக்கடியில் தண்ணித் தொட்டி) தோண்டிட்டு 6000 லிட்டர் டேங்கரைக் கூப்பிட்டா மிச்சம் ரோட்டுலதான் ஓடும். தினமும் எவ்வளவு தண்ணி செலவாகுதுங்கிறது சம்ப் அளவைத் தீர்மானிக்காது, ஒரே தடவையில் எவ்வளவு இறங்குதுங்கிறதுதான் தீர்மானிக்கும். வீடு கட்டின பிறகு சம்ப்பை அகலப்படுத்துறதும் /பூட்டைப் பெரிசாக்குறதும் ஒரே ஜாதி வேலை.

அளவைத் தட்டும்போது ஒண்ணு கவனிங்க. இன்ஸ்டாலரில் 2 ஜிபி என்றால் 2000 எம்பி, அதாவது 1000ஆல் பெருக்கின கணக்கு. டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -எச்' கட்டளை 1024 கணக்கில் காட்டும். அதோட எக்ஸ்ட்4 தன் சொந்தப் பதிவேட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கும். அதனால் 1.8 என்று காட்டினால் பதற வேண்டாம்.

இன்னொண்ணு, எக்ஸ்ட்4 இயல்பா 5 சதவீதத்தை ரூட் யூசருக்கு என ஒதுக்கி வைக்கும். 'டியூன்2எஃப்எஸ் -எம் 0' போட்டு அதை மீட்கச் சொல்லி ஒரு அறிவுரை அங்கங்கே சுத்துது. /பூட்டில் எழுதுறதே ரூட்தான், அந்த 5 சதவீதமும் அவருக்குக் கிடைக்கும். அதைச் செய்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

(கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுறோம், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடிக்கணும்.)

---

ஜெயநகர்_நாலாவது_பிளாக்

எதிர்க்கருத்து. தனி /பூட் வைக்காம முழுசையும் பூட்டுக்குள்ள வைக்கலாமே? லக்ஸ்1க்கு மாத்தினாலோ, லக்ஸ்2இல் சாவியை பிபிகேடிஎஃப்2 முறைக்கு மாத்தினாலோ க்ரப் திறக்கும். /பூட் வெளியே கிடந்தால் லேப்டாப் கையில் கிடைத்தவன் இனிட்ஆர்டியை மாத்தி வைச்சு பாஸ்வேர்டைப் பிடிச்சிடலாம். செக்யூர் பூட் (கையெழுத்துள்ள பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் வசதி) கர்னலின் கையெழுத்தைத்தான் பார்க்கும், இனிட்ஆர்டியைப் பார்க்காது.

---

கர்னல்_காவேரி

@ஜெயநகர்_நாலாவது_பிளாக் நீங்க சொல்ற ஓட்டை உண்மை. ஆனா கேட்டவருடைய பயம் பஸ்ஸில் லேப்டாப் தொலைஞ்சா டேட்டா போகக் கூடாது என்பது. தொலைஞ்ச லேப்டாப்பை யாரும் இனிட்ஆர்டியை மாத்தித் திருப்பிக் கொண்டுவந்து வைக்கப் போறதில்லை.

விலையும் இருக்கு. க்ரப் பூட்டைத் திறக்கும்போது பிராசஸரின் முழு வேகம் கிடைக்காது, கர்னல் ஒரு விநாடியில் திறக்கிறதுக்கு க்ரப் பத்து இருபது விநாடிகூட எடுக்கும். பாஸ்வேர்டு தப்பா அடிச்சால் மறுபடி கேட்காமல் மீட்பு முனையில் தள்ளிவிடும். கீபோர்டு அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும். க்ரப் ஒரு தடவை, கர்னல் ஒரு தடவை என ரெண்டு முறை கேட்கும், அதைத் தவிர்க்க இனிட்ஆர்டிக்குள் சாவிக்கோப்பு வைக்கணும். முதல் நிறுவலில் இதுக்குள் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

---

ஹெப்பால்_ஃப்ளைஓவர்

/பூட் நிறைஞ்சா என்ன ஆகும்னு யாரும் எழுதலை. அளவு ஏன் முக்கியம் என்பது அங்கேதான் தெரியும்.

'அப்ட் அப்கிரேட்' (பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் கட்டளை) நடுவில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும், 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஃபெயில்டு' என்று முடியும். புது கர்னலின் விஎம்லினக்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும் (அது சின்னது, இடம் கிடைச்சிருக்கும்), அதோட ஜோடி இனிட்ஆர்டி இருக்காது. அதுக்கப்புறம் ஏதோ ஒரு காரணத்துக்காக 'அப்டேட்-க்ரப்' ஒருமுறை ஓடிவிட்டால், க்ரப் மெனுவில் அந்தப் புது கர்னல்தான் மேலே நிற்கும். ரீபூட் செய்தால் 'கர்னல் பேனிக்', 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்', கூடவே 'அன்நோன்-பிளாக் 0,0'. டிஸ்க் போச்சுன்னு எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துட்டு ஓடாதீங்க. க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துடும்.

எழுந்த பிறகு வரிசை முக்கியம்.

முதலில் 'யூனேம் -ஆர்'. இப்போ எந்தக் கர்னலில் நிற்கிறோம் என்று காட்டும். அதைத் தொடக் கூடாது.

அடுத்து 'டிபிகேஜி -எல்' பட்டியலில் லினக்ஸ்-இமேஜ் வரிகளைப் பாருங்க. இருப்பதிலேயே பழையதை 'அப்ட் பர்ஜ்' செய்யுங்க. பாதியில் நின்ற நிறுவலைக் காரணம் காட்டி அப்ட் மறுத்தால் 'டிபிகேஜி --பர்ஜ்' போட்டு அதே பேக்கேஜைச் சொல்லுங்க. டிபிகேஜி பெரும்பாலும் ஒத்துக்கும்.

அதுக்கும் அசையலைன்னா மட்டும், பழைய கர்னலின் இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை மட்டும் 'ஆர்எம்' போட்டு அழிங்க. விஎம்லினக்ஸை அழிக்க வேண்டாம், அது 12 எம்பிதான், அழிச்சும் பெரிசா இடம் வராது. இனிட்ஆர்டியை எப்போ வேணும்னாலும் திரும்ப உருவாக்கிக்கலாம்.

இடம் கிடைச்சதும் 'அப்ட் -எஃப் இன்ஸ்டால்'. பிறகு 'அப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. கடைசியில் 'எல்எஸ் -எல்எச் /பூட்' போட்டுக் கண்ணால் பாருங்க: ஒவ்வொரு விஎம்லினக்ஸுக்கும் அதே எண்ணோட ஒரு இனிட்ஆர்டி இருக்கணும், அளவுகள் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். ஒண்ணு 60 எம்பி, பக்கத்தில் ஒண்ணு 9 எம்பி என்று இருந்தால் சின்னது சரியா எழுதப்படலைன்னு சந்தேகப்படணும். அதை 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே' போட்டு அந்தப் பதிப்பு எண்ணைக் கொடுத்து மறுபடி எழுதணும்.

இதெல்லாம் வருவதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், 'ஆட்டோரிமூவ்' ஓடாமலே இருப்பது. அப்கிரேட் மட்டும் செய்துட்டே இருந்தால் டெபியன் பழைய கர்னல்களைத் தானாகத் தூக்கிப் போடாது. அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் வைத்திருந்தால் அதில் பயன்படாத கர்னலை நீக்கும் வசதி இருக்கு.

---

ஒயிட்ஃபீல்டு_வடக்கு

நன்றி அண்ணா, கணக்கு புரிஞ்சது. ரெண்டு சந்தேகம். 512 எம்பி வெச்சு ஏற்கெனவே நிறுவின என்கிரிப்டட் டெபியன் 12 லேப்டாப் ஒண்ணு வீட்டில் இருக்கு, அதுவும் விண்டோஸ் கூடத்தான். அதை ஃபார்மேட் பண்ணாம பெரிசாக்க முடியுமா? அப்புறம், புதுசில் ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போகக்கூடிய பழைய நிலையின் பதிவு) எடுக்கலாம்னு இருக்கேன். /பூட் எக்ஸ்ட்4ஆ இருந்தா பிரச்சினையா?

---

சம்ப்_நிறைஞ்சாச்சு

முதல் சந்தேகத்துக்கு: பெரிசாக்கவே வேண்டாம், இடம் மாத்துங்க.

/பூட்டுக்கு அடுத்த வீடு லக்ஸ் பார்ட்டிஷன். /பூட் வலது பக்கம் வளரணும்னா லக்ஸ் பார்ட்டிஷனின் ஆரம்பத்தை நகர்த்தணும், அப்படின்னா நூத்துக்கணக்கான ஜிபியை ஒவ்வொரு பைட்டா நகர்த்தணும். நடுவில் பேட்டரி போனால் கதை முடிஞ்சது. ஆனா /பூட் டிஸ்கின் முன்னாடிதான் இருக்கணும்னு யுஇஎஃப்ஐ லேப்டாப்பில் சட்டம் எதுவும் இல்லை. நடுவில், கடைசியில், எங்கேயும் இருக்கலாம். விண்டோஸ் கூட இருக்கிறது உங்களுக்கு இங்கே அதிர்ஷ்டம்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து சி டிரைவை 2048 எம்பி சுருக்குங்க. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) ஓடுதான்னு முன்னாடியே 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' போட்டுப் பாருங்க. ஓடினால் ரிகவரி கீயை வேறொரு இடத்தில் எழுதி வைச்சுட்டு, பாதுகாப்பைத் தற்காலிகமா நிறுத்துங்க. பூட் சங்கதியில் கை வைத்த பிறகு அடுத்த ஸ்டார்ட்டில் அது 48 இலக்கக் கீ கேட்க வாய்ப்பு இருக்கு.

டெபியனுக்கு வந்து ஜிபார்ட்டடில் அந்தக் காலி இடத்தில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்குங்க. என்விஎம்இ0என்1பி6 என்று பெயர் வந்ததாக வைப்போம். இனி எல்லாம் ரூட் யூசராக:

1. புதுப் பார்ட்டிஷனை /எம்என்டியில் மவுன்ட் செய்யுங்க.
2. 'சிபி -ஏஎக்ஸ் /பூட்/. /எம்என்டி/'. அந்த எக்ஸ் அவசியம், அது இருந்தால்தான் /பூட்/இஎஃப்ஐக்குள் இறங்காமல் காலி ஃபோல்டரை மட்டும் உருவாக்கும். முடிஞ்சதும் /எம்என்டிக்குள் இஎஃப்ஐ என்ற காலி ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க.
3. 'பிஎல்கேஐடி' காட்டும் புது யுயுஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்யணும்னு சொல்ற கோப்பு) /பூட் வரியில் மாத்துங்க. /பூட்/இஎஃப்ஐ வரியைத் தொடாதீங்க.
4. /எம்என்டி, /பூட்/இஎஃப்ஐ, /பூட் என்ற வரிசையில் அன்மவுன்ட். 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு', பிறகு 'மவுன்ட் -ஏ'. 'எல்எஸ்பிஎல்கே'யில் /பூட் புது பார்ட்டிஷனில் நிற்கணும்.
5. 'க்ரப்-இன்ஸ்டால்', அடுத்து 'அப்டேட்-க்ரப்'.

அஞ்சாவதைத்தான் ஆட்கள் விடுறாங்க. இஎஸ்பிக்குள் டெபியன் ஃபோல்டரில் குட்டியா ஒரு க்ரப்.சிஎஃப்ஜி இருக்கு, மூணு வரிதான். /பூட்டின் யுயுஐடி அதில்தான் எழுதியிருக்கும். க்ரப்-இன்ஸ்டால் ஓடலைன்னா அது பழைய /பூட்டையே காட்டிட்டு இருக்கும். அப்போ வெளியே எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், லேப்டாப் எழும், ஆனா எத்தனை கர்னல் புதுப்பிச்சாலும் 'யூனேம் -ஆர்' பழைய எண்ணையே சொல்லும். பழைய பார்ட்டிஷனை அழிச்ச அன்னிக்கு வெறும் 'க்ரப்>' வந்து நிற்கும்.

அதனால் பழைய 512 எம்பியை உடனே அழிக்காதீங்க. ஒரு கர்னல் அப்டேட் வந்து, புது எண்ணில் எழுந்த பிறகு அழிக்கலாம். அந்த 512 எம்பியை விட்டுவிட்டாலும் ஒண்ணும் நஷ்டமில்லை.

டெபியன் 13க்கு அப்கிரேட் செய்யறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க. நடுவில் நிறைஞ்சால் மேலே ஹெப்பால் எழுதின வைத்தியத்தைப் பாதி அப்கிரேட் நிலையில் செய்ய வேண்டியிருக்கும்.

---

ஹெப்பால்_ஃப்ளைஓவர்

இடத்தை மாத்த மனசில்லைன்னா தற்காலிக வழி ஒண்ணு: இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' இருப்பதை 'மாட்யூல்ஸ்=டெப்' ஆக்கி ஒரு பழைய கர்னலைத் தவிர மத்தப் பதிப்புகளுக்கு இனிட்ஆர்டியை மறுபடி உருவாக்குவது. அந்த லேப்டாப்புக்குத் தேவையான டிரைவர் மட்டும் உள்ளே போகும், இனிட்ஆர்டி நல்லாவே இளைக்கும். ஆனா மதர்போர்டு செத்து, டிஸ்கைக் கழட்டி வேற லேப்டாப்பில் மாட்டினால் எழாமல் போகலாம். அதுக்காகத்தான் அந்த ஒரு பழைய கர்னலின் இனிட்ஆர்டியை 'மோஸ்ட்' நிலையிலேயே விட்டுவைக்கச் சொல்றேன்.

---

ராஜாஜிநகர்_ஆந்தை

பிடிஆர்எஃப்எஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிரச்சினை உண்டு, அது அளவுப் பிரச்சினை இல்லை.

ஸ்னாப்ஷாட் ரூட்டை மட்டும் எடுக்கும். /பூட் தனி எக்ஸ்ட்4 என்பதால் அதில் சேராது. இரண்டு மாதம் முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், /பூட்டில் இருப்பது இன்றைய கர்னல், ரூட்டுக்குள் /லிப்/மாட்யூல்ஸில் இருப்பது இரண்டு மாதம் முந்தைய கர்னலின் டிரைவர்கள். எண் பொருந்தாது. இனிட்ஆர்டிக்குள் இருக்கும் டிரைவர்களை வைத்து டிஸ்க் திறந்து டெஸ்க்டாப் வரைகூட வந்துவிடும், ஆனால் வைஃபை இருக்காது, சத்தம் இருக்காது. பார்ப்பவர் வைஃபை கார்டைச் சந்தேகப்பட்டு அரை நாளைத் தொலைப்பார்.

அன்று காப்பாற்றுவது க்ரப் மெனுவில் மிச்சமிருக்கும் பழைய கர்னல்தான். ஸ்னாப்ஷாட் எடுத்த காலத்துக் கர்னல் இன்னும் /பூட்டில் இருந்தால் அதைத் தேர்ந்து எழுப்பினால் எல்லாம் பொருந்தும். ஸ்னாப்ஷாட் வைத்திருப்பவருக்கு மூன்று செட் கணக்கு போதாது, ஐந்தாறு செட் வேண்டும். 152 எம்பி செட் ஆறு வைத்தால் 912, தற்காலிக இடம் 140, க்ரப் 10, ஆக 1062 எம்பி. 2 ஜிபி என்று காவேரி சொன்னது உங்கள் விஷயத்தில் ஆடம்பரம் இல்லை. முக்கியமான ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அன்றைய கர்னல் பேக்கேஜை 'அப்ட்-மார்க் மேனுவல்' செய்துவிடுங்கள், ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் அன்று கர்னலையும் கையால் அழியுங்கள்.

100 எம்பி இஎஸ்பி பற்றி ஒரு வார்த்தை. க்ரப் இருக்கும்வரை போதும் என்பது சரி. பின்னாளில் சிஸ்டம்டி-பூட் (க்ரப்புக்கு மாற்றான பூட் லோடர்) பக்கம் போனால் கர்னலும் இனிட்ஆர்டியும் இஎஸ்பிக்குள்ளேயே விழும், அப்போது 100 எம்பியில் ஒரு செட்கூட நிற்காது. அந்த எண்ணம் இருந்தால் இப்போதே காலி இடத்தில் 1 ஜிபிக்கு இரண்டாவது இஎஸ்பி ஒன்று வைப்பது நல்லது. எஃப்டபிள்யூயுபிடி (லினக்ஸில் ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் கருவி) மூலம் பயாஸ் புதுப்பிக்கும்போதும் அந்தக் கோப்பு முதலில் இஎஸ்பியில்தான் வந்து இறங்கும். இடமில்லை என்று மறுத்தால் காரணம் இதுதான்.

---

ஒயிட்ஃபீல்டு_வடக்கு

சிஸ்டம்டி-பூட் எண்ணம் இல்லை, க்ரப்தான். அப்போ இப்படி வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்க:

இஎஃப்ஐ, இருக்கிற 100 எம்பி, /பூட்/இஎஃப்ஐ
/பூட், 2 ஜிபி, எக்ஸ்ட்4
மிச்சம் முழுக்க லக்ஸ், உள்ளே எல்விஎம் (ஒரே பார்ட்டிஷனைப் பல பகுதியாப் பிரிக்கும் அமைப்பு): ஸ்வாப் 18 ஜிபி (ஹைபர்னேட் வேணும்), மிச்சம் ரூட் பிடிஆர்எஃப்எஸ்

செக்யூர் பூட் ஆன்லயே இருக்கும்.

---

கர்னல்_காவேரி

அளவெல்லாம் சரி. ஹைபர்னேட் மட்டும் நடக்காது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் டெபியன் கர்னல் லாக்டவுன் நிலைக்குப் போகும், அந்த நிலையில் ஹைபர்னேட்டை அது அனுமதிக்காது. ரெண்டில் ஒண்ணைத்தான் வைச்சுக்கலாம். செக்யூர் பூட் வேணும்னா ஸ்வாப் 4 ஜிபி போதும், 14 ஜிபி ரூட்டுக்குக் கொடுங்க. என்விடியாவின் சொந்த டிரைவர் போடுவதா இருந்தால் செக்யூர் பூட்டில் எம்ஓகே கீ (அந்த டிரைவரில் போடும் உங்க சொந்தக் கையெழுத்துக்கான சாவி) ஒண்ணு பதிவு செய்யச் சொல்லும், ரீபூட்டில் நீலத் திரை வரும், 'கன்டினியூ பூட்' அழுத்திட்டுப் போயிடாதீங்க, 'என்ரோல் எம்ஓகே' எடுக்கணும்.

---

ஹெப்பால்_ஃப்ளைஓவர்

'ரைட் சேஞ்சஸ்' அழுத்தும் முன் பட்டியலில் 100 எம்பி இஎஃப்ஐ வரியை ஒருமுறை பாருங்க. அதன் பக்கத்தில் கே எழுத்து இருந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். எஃப் இருந்தால் ஃபார்மேட் ஆகும், விண்டோஸ் பூட் லோடரும் சேர்ந்து போகும். எஃப் தெரிந்தால் அந்த வரிக்குள் போய் ஃபார்மேட் வேண்டாம் என்று மாத்திட்டு, திரும்ப வந்து எழுத்து மாறியிருக்கான்னு பார்த்துட்டு அழுத்துங்க.